அண்ணன் கால், என் கால்

கால் பார்க்கிற அம்மா இருந்தார், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு. தொழில் பழக வந்த ஒரு குமரிப்பிள்ளை இருந்தாள், குறிப்பு எழுத. என் மகள் சுதா இருந்தாள், மொழிபெயர்க்க. நான் இருந்தேன், சாய்ந்த நாற்காலியில் மல்லாக்க. என் இடது கால் என்னோடு இல்லை. அது அந்த அம்மாவின் மடியில் இருந்தது.

சுவிஸ் நாட்டுக்கு வந்து பல வருஷமாகிறது. பனி பழகிவிட்டது. சத்தம் போடாமல் பஸ்ஸுக்கு நிற்பது பழகிவிட்டது. இது மட்டும் பழகவில்லை. இங்கே படித்தவர் கீழே உட்காருகிறார், நோயாளி மேலே. நம்ம காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்கிறார். எங்கள் பக்கம் ஒருவர் காலை இன்னொருவர் தொடுவது கும்பிடுவதற்கு. இல்லையென்றால் செத்த பிறகு குளிப்பாட்டுவதற்கு. நான் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். அவர் விடவில்லை.

அவர் கையில் பேனா மாதிரி ஒன்று இருந்தது. அதன் நுனியில் தூண்டில் நூல் போல ஒரு நைலோன் நூல். அதைப் பாதத்தில் வைத்து, நூல் வளைகிற வரைக்கும் அழுத்துவார். "ஸ்பூரன் ஸீ?" என்பார். தெரிகிறதா என்று அர்த்தம். கண்ணை மூடிக்கொண்டு நான் பதில் சொல்ல வேண்டும். "யா" என்றேன். மறுபடியும் "யா" என்றேன். மூன்றாவது "யா" சொன்னதும் சுதா என் தோளைத் தொட்டாள்.

"அப்பா," என்றாள் சுதா. "அவா இன்னும் தொடேல்லை."

என் மகள் பேசுவது யாழ்ப்பாணத் தமிழ். இங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். நான் வீட்டில் "என்னாம்மா பண்றே" என்றால் சிரிப்பாள். கோயிலில் பார்க்கிறவர்கள் எந்த ஊர் என்று கேட்பார்கள். மாத்தளை என்பேன். "அங்கையும் தமிழ்ச் சனம் இருக்கோ?" என்பார்கள். இருக்கிறோம் என்று சொல்லிவிட்டு பிரசாதத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். சுதாவுக்குப் பெரியப்பா ஒருவர் இருந்தார் என்பது அவளுக்குத் தெரியும். அவர் எப்படிப் போனார் என்பது தெரியாது. அன்றைக்கு அந்த நாற்காலியில் படுத்திருந்தபோது அவர்தான் என் கண்ணுக்குள் நின்றார்.

அண்ணன் பெயர் பெருமாள். என்னைவிடப் பத்து வயது மூப்பு. மாத்தளையிலிருந்து றத்தோட்டை பஸ்ஸில் ஏறி, பாதியில் இறங்கி, மேலே நடந்தால் எங்கள் தேயிலைத் தோட்டம். அண்ணன் கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியை வெட்டிவிட்ட மலையில் குச்சிகள் ஈட்டி மாதிரி நிற்கும். ஒரு தடவை அப்படி ஒரு குச்சி அவர் உள்ளங்காலில் ஏறி ஒடிந்துவிட்டது. அதோடு நாங்கள் குடியிருந்த லயம் வரைக்கும் நடந்து வந்து, வாசலில் உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்தார். மதினிதான் ரத்தத்தைப் பார்த்துக் கத்தினார். கூட வேலை செய்தவர்கள் அன்றிலிருந்து அவரை இரும்புக்கால் என்று கூப்பிட்டார்கள். அவருக்கும் அந்தப் பெயர் பிடித்திருந்தது.

அப்புறம் லயத்துக்குப் பின்னால் அவர் ஒதுங்குகிற இடத்தில் எறும்பு மொய்த்தது. மதினி என்னைக் கூட்டிப் போய்க் காட்டினார். "பாருங்க தம்பி. உங்க அண்ணன் கருப்பட்டியில்ல கரைச்சு ஊத்துறாரு." மாத்தளை ஆஸ்பத்திரியில் சீனி வருத்தம் என்றார்கள், சர்க்கரை வியாதி. விழுங்கக் குளிசை கொடுத்தார்கள். கோதுமை மாவைக் குறைக்கச் சொன்னார்கள். தோட்டத்தில் எங்களுக்குக் கொடுப்பதே கோதுமை மாவுதான். மலையில் ஆட்கள் கேலி பண்ணினார்கள். "டேய், பெருமாள் காலைக் கடிச்ச அட்டையப் பாருங்கடா. அதுக்கும் சீனி வருத்தம் வந்து மயங்கிக் கெடக்கு." அண்ணன் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

அந்த வருஷங்கள் கெட்ட வருஷங்கள். கலவரத்தில் எரிந்த கடைகள் சில டவுனில் இன்னும் கரிச் சுவரோடு நின்றன. அதற்குமேல் இது. சிங்களப் பையன்களே அரசாங்கத்துக்கு எதிராகத் துவக்கு எடுத்திருந்தார்கள். கடை பூட்டு, பஸ் ஓட்டாதே என்று சுவரில் காகிதம் ஒட்டியிருக்கும். மீறினவனை ஒரு கூட்டம் சுட்டது. மீறாதவனை, ஏன் பூட்டினாய் என்று அரசாங்கத்துக் கூட்டம் ஏற்றிக்கொண்டு போனது. றத்தோட்டை ரோட்டு வளைவுகளில் காலையில் டயர் புகைந்துகொண்டிருக்கும். என்ன எரிகிறது என்று யாரும் கேட்பதில்லை. பார்க்காமல் நடக்கப் பழகியிருந்தோம்.

குளிசை முடிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்வர வழியில்லை. ஒருநாள் நடந்தே டவுனுக்குப் போனேன். மருந்துச் சரக்குக் கடை முஸ்லிம் நானா பாதிக் கதவைத் திறந்து வைத்திருந்தார். ஒரு மரக்கோப்பையை எடுத்துக் கொடுத்தார். கொத்தல ஹிம்புட்டு என்று சிங்களத்தில் சொல்கிற கொடியின் கட்டையில் கடைந்தது.

"ராவைக்குத் தண்ணி ஊத்தி வைங்க தம்பி. காலையில செவந்து கெடக்கும். வெறும் வயித்துல குடிக்கச் சொல்லுங்க."

"சொகமாகுமா நானா?"

"சீனி எறங்கும். நான் மரம் விக்கிறவன். உசிரு விக்கிறவன் இல்ல."

மதினி அந்தக் கோப்பையைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். லயத்துக்குப் பின்னால் குரக்கன், அதாவது கேழ்வரகு, விதைத்தார். மாவு ரொட்டிக்குப் பதில் குரக்கன் ரொட்டி, பாகற்காய், வெந்தயம் ஊறின தண்ணி. சிறுகுறிஞ்சா இலையை மெல்லக் கொடுப்பார். அதை மென்றபிறகு சீனியை வாயில் போட்டால் மண் மாதிரி இருக்கும். நானும் போட்டுப் பார்த்தேன். மண்தான். அண்ணன் முகத்தைச் சுளித்துக்கொண்டே எல்லாவற்றையும் தின்றார். தாகம் குறைந்தது. உடம்பு தேறியது. எறும்பு வருவது நின்றது. இது உண்மை. நான் கண்ணால் பார்த்தேன். இலையும் கட்டையும் ஒன்றும் செய்யாது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் மதினி ஒரு நேர்த்தி வைத்திருந்தார். எறும்பு போனால் அண்ணன் ஆடித் திருவிழாவில் தீ மிதிப்பார் என்று.

இருட்டினால் கூட்டம் கூட முடியாத காலம். அதனால் அந்த வருஷம் பகல் வெளிச்சத்திலேயே குழி மூட்டினார்கள். பகலில் நெருப்பின் நிறம் தெரியாது. சாம்பல் பூத்த மாதிரித்தான் இருக்கும், மேலே காற்று மட்டும் நடுங்கும். தப்பு அடித்தார்கள். எல்லாரும் ஓடிக் கடந்தார்கள். அண்ணன் ஓடவில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகிற மாதிரி நடந்தார். நடுவில் நின்று கும்பிட்டார். சனம் "தாயே" என்று அலறியது. குழிக்கு அந்தப் பக்கம் மதினி வேப்பிலையோடு நின்றார், கண்ணில் தண்ணி. "எப்படிண்ணே இருந்திச்சு?" என்று கேட்டேன். "ஒண்ணுமே தெரியலடா," என்றார். "பூமேல நடந்த மாதிரி இருந்திச்சு." பூசாரி அவர் நெற்றியில் திருநீறு அள்ளிப் பூசினார். அம்மன் இவனைக் கையில் தாங்கிவிட்டாள் என்று சொன்னார். எனக்கு அண்ணனை நினைத்துப் பெருமையாக இருந்தது.

மறுநாள் காலையில் மதினி என்னைக் கூப்பிட்டார். மழை இல்லை. லயத்து சிமெந்துத் தரையில் அடுப்படியிலிருந்து வாசல் வரைக்கும் ஈரமாகக் காலடி. அண்ணன் வேலைக்குப் போய்விட்டிருந்தார். வெறுங்காலோடு.

அன்றைக்கே தோட்டத்து மருந்துச்சாலை டிஸ்பென்சர் ஐயா உடைந்த கொப்புளங்களைப் பார்த்தார். ஊதா மருந்து பூசினார். "இங்க வச்சிருக்காதீங்க, மாத்தளைக்குக் கொண்டு போங்க," என்றார். அந்தக் கிழமை முழுக்க பஸ் ஓடக்கூடாது என்று காகிதம் ஒட்டியிருந்தது. மதினி வேப்பிலைத் தண்ணியில் கழுவினார், மஞ்சள் அரைத்துப் போட்டார், கோப்பைத் தண்ணியை இரண்டு வேளை கொடுத்தார். அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "எதுக்குப் புள்ள பயப்படுறே? வலிக்கவே இல்லையே." அதையேதான் எல்லாரிடமும் சொன்னார். விரல்கள் கறுத்தன. வாடை வந்தது. ஈ வந்தது. வலி மட்டும் வரவில்லை.

கடைசியில் கொழுந்து லொறியில் சாக்கு விரித்துக் கொண்டுபோனோம். வளைவில் புகை இருந்தது. டிரைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டார். ஆஸ்பத்திரியில் ஒரு சிங்கள டாக்டர் துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கத்தினார். இத்தனை நாள் எப்படி விட்டு வைத்தீர்கள், நீங்கள் மனுஷரா என்று. "வலி இல்லைன்னு சொன்னாரு மாத்தயா," என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் கத்துவதை நிறுத்தினார். தணிந்த குரலில் சொன்னார், "அதுதான் வருத்தமே."

முதலில் விரல்களை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே. லயத்துக்குத் திரும்பினபோது அண்ணன் கூட்டாளிகளைப் பார்த்து, "இனிமே அட்டைக்கு அரை ரேஷன்தான்டா," என்றார். யாரும் சிரிக்கவில்லை. கார்த்திகையில் மற்றக் காலும் கறுத்தது. தைப்பொங்கலுக்கு அண்ணன் இல்லை. அம்மன் தாங்கினாள் என்ற அதே ஆட்கள், விரதம் தப்பியிருப்பான், வீட்டில் ஏதோ சுத்தக்குறைவு நடந்திருக்கும் என்றார்கள். மதினி காது படவே சொன்னார்கள். அவர் அதற்குப் பிறகு கோயில் பக்கம் போகவில்லை. நான் ஏஜென்சிக்காரனைப் பிடித்து வெளிநாடு கிளம்பும்போது அந்தக் கோப்பையை என் பையில் வைத்தார். "உங்களுக்கும் அதே ரத்தம் தம்பி," என்றார்.

அதே ரத்தம்தான். எனக்கும் வந்தது. இங்கே ஒரு ரெஸ்டோரன்ட் கிச்சனில் பாத்திரம் கழுவுகிறேன், நாள் முழுக்க ரப்பர் பூட்ஸில். குளிசை போடுகிறேன். தமிழ்க் கடையில் குரக்கன் மா வாங்குகிறேன், பாகற்காய் வாங்குகிறேன். கோப்பைத் தண்ணியும் விடாமல் குடித்துவந்தேன், போன மாதம் வரைக்கும். போன மாதம் இதே ஆஸ்பத்திரிக்கு முதல்தடவை தனியாக வந்தேன். எடுக்கிற மருந்தெல்லாம் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். குளிசைப் பெட்டியோடு கோப்பையையும் அந்த அம்மாவின் மேசையில் வைத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு கையாலும் எடுத்து, "டாங்கே, டாங்கே," என்றார். பரிசு கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். அதில் தன் பேனாக்களைப் போட்டுவைத்தார். திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கும் நூலால் குத்திப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் "யா" சொல்லிவிட்டு வந்தேன்.

இந்தத் தடவை என்னை இழுத்து வந்தது சுதா. அவள்தான் பார்த்தாள். வேலை முடிந்து வந்து பூட்ஸைக் கழற்றிவிட்டு நடந்திருக்கிறேன். வெள்ளை ஓட்டுத் தரையில் என் பின்னாலேயே ஈரமாகக் காலடி வந்தது. ஒரு கால் மட்டும், சிவப்பாக. பூட்ஸுக்குள் ஒரு சோடாப் போத்தல் மூடி கிடந்தது. அதை மிதித்துக்கொண்டே நாள் முழுக்க நின்றிருக்கிறேன். "அப்பா, உங்களுக்கு நோகேல்லையா?" என்று கேட்டாள். அண்ணன் சொன்ன பதில்தான் வாயில் இருந்தது.

நூலைப் பிடித்தபடி அந்த அம்மா என்னையே பார்த்தார். கோபப்படவில்லை. மெதுவாக ஏதோ சொன்னார். சுதா சொன்னாள், "அப்பா, இது சோதினை இல்லையாம். சரி பிழை ஒண்டும் இல்லையாம். தெரியேல்லை எண்டா தெரியேல்லை எண்டு சொல்லட்டாம்." அப்புறம் சுதாவே மேசையில் இருந்த கோப்பையைக் கண்டு, அது என்னவென்று ஜெர்மன் மொழியில் சொல்லிவிட்டாள். அந்த அம்மாவுக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. பேனாக்களைக் கொட்டிவிட்டுக் கோப்பையை என்னிடம் நீட்டினார். குளிசையோடு இதையும் குடித்தால் சீனி ஒரேயடியாக இறங்கிவிடலாம், டாக்டருக்குத் தெரியாமல் குடிக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். உள்ளே பார்த்தேன். அடியில் நீல மை ஊறியிருந்தது. மோந்து பார்த்தேன். கட்டை வாசனை கொஞ்சம், மை வாசனை கொஞ்சம். "இனிக் குடிக்க ஆகாது. அவங்களே வச்சிக்கட்டும்," என்றேன்.

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கும், இங்கே என்னைப் போல வந்து கிச்சனில் நிற்கிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். பாகற்காய் தின்னுங்க, குரக்கன் தின்னுங்க. குளிசையை விடாதீங்க. பூட்ஸைப் போடுமுன் கையை உள்ளே விட்டுப் பாருங்க. ஒவ்வொரு நாளும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்க. வலிக்கவில்லை என்றால் சந்தோஷப்படாதீங்க.

மறுபடி கண்ணை மூடினேன். வலது கால் முதலில். பிறகு இடது கால். மாத்தளை மலையில் செருப்பில்லாமல் வளர்ந்த கால், வெள்ளைக்கார மடியில் கிடந்தது. சுதா பக்கத்தில் நிற்கும் மூச்சு கேட்டது. குழிக்கு அந்தப் பக்கம் மதினி நின்ற மாதிரியே நிற்கிறாள் என்று நினைத்தேன். இந்தத் தடவை உண்மையாகத் தெரிகிற வரைக்கும் வாயைத் திறக்கக்கூடாது என்று காத்திருந்தேன். காத்திருந்த நேரம் நீளமாக இருந்தது. எதுவும் வரவில்லை. தொடுகிறாரா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

அந்தக் குமரிப்பிள்ளை குறித்ததைச் சுதா வாசித்தாள். வலது காலில் பத்து இடம் தொட்டார். தெரிந்தது ஏழு. இடது காலில் பத்து இடம் தொட்டார்.

இரண்டு.