ஓடு உடையாத முட்டை

என் கொழுந்தன் என் கையால் சாப்பிடுவதை நிறுத்தியபோது, குற்றம் என் சமையலில்தான் என்று நினைத்தேன். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் நானும் என் கணவரும் ஒன்றரை வயது மகளும் இருந்தோம். செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்த அவருடைய தம்பியும் எங்களோடுதான் இருந்தார். ரசத்தில் புளியைக் குறைத்தேன். கருவாடு வாங்குவதை விட்டேன். வேறு பெண் துணை இல்லாததால் விலக்கு நாட்களிலும் நானே அடுப்பைத் தொட்டேன். அந்த அருவருப்போ என்று பயந்து, அடுத்த மாதம் பக்கத்து வீட்டு அக்காவைச் சமைக்கச் சொன்னேன். அதையும் அவர் தொடவில்லை.

பிறகுதான் கவனித்தேன். தோலோடு இருக்கும் வாழைப்பழம், அவரே அவித்த முட்டை, அவரே வெட்டிய இளநீர். வேறு யாரும் திறக்காததை மட்டும் சாப்பிட்டார். பட்டறைக்குப் போவதும் நின்றுபோனது. சம்மட்டிச் சத்தத்துக்குள் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றார். சுவரைப் பார்த்து உட்கார்ந்து, எதையோ கேட்டுவிட்டு, மெதுவாகப் பதில் சொல்வார்.

பத்துமலைக் கோயிலுக்கு நேர்ந்துகொள்ளலாம் என்றார் என் கணவர். ஆஸ்பத்திரி என்றால் தம்பிக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று கவலைப்பட்டார். நான் கத்தியை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தேன். வைத்த பிறகு, இவரைப் போய் இப்படி நினைத்தோமே என்று கூசியது. ஆனாலும் எடுக்கவில்லை.

ஒரு மத்தியானம் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். ஆண்களுக்கு முன்னால் நான் சாப்பிட்டதே இல்லை. அதே பானைச் சோற்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

"பாருங்க தம்பி, நான் தின்னுட்டேன். ஒண்ணும் ஆகல."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியல அண்ணி. உங்களுக்கும் சேர்த்துத்தான் விஷம் வெச்சிருக்காங்க."

சொல்லிக்கொண்டே, என் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த குழந்தையின் கிண்ணத்தைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தார். அவள் வீறிட்டாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குள் ஓடித் தாழ் போட்டேன். கதவுக்கு வெளியே அவர் அழுதார். பாப்பாவின் வாயைக் கழுவுங்கள், சீக்கிரம் கழுவுங்கள் என்று கெஞ்சினார். அவரைக் கண்டு நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். அவரோ எங்களுக்காக நடுங்கிக்கொண்டிருந்தார்.

என் கணவர் திரும்பியதும் எல்லாவற்றையும் சொன்னேன். தம்பிக்குக் கோபமில்லை, பயம். இப்படியே விட்டால் பட்டினியில் போய்விடுவார் என்றேன். மறுநாள் அவரை ரயில்வே மருந்தகத்துக்கு அழைத்துப் போனோம். அங்கே மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் திட்டவில்லை, சிரிக்கவில்லை. இது மனதில் வரும் நோய், யார் செய்த தப்பும் இல்லை, வடக்கே பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். எவ்வளவு நாளாக இப்படி என்று என்னைக் கேட்டார். இரண்டு மாதம் என்றேன். அத்தனை நாளும் நான் ரசத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

கிளம்பும் நாள் காலையில் அவர் பார்த்துக்கொண்டு நிற்க, ஆறு முட்டை அவிக்க அடுப்பை மூட்டினேன். தண்ணீரில் போட்டதும் எடுத்ததும் அவரேதான். நான் தொடவில்லை. துண்டில் முடிந்துகொள்ளும்போது இரண்டை என்னிடம் நீட்டினார்.

"பாப்பாவுக்கு இதைக் குடுங்க. நீங்களும் இதையே சாப்பிடுங்க அண்ணி."

ரயில் போன பிறகு வீட்டுக்கு வந்து ஒன்றை உரித்தேன். மகள் வாயைத் திறந்து காத்திருந்தாள். நான் முதலில் ஒரு துண்டு கடித்து, விழுங்கி, சற்று நேரம் பொறுத்திருந்துவிட்டு, அப்புறம்தான் அவளுக்கு ஊட்டினேன்.