மிதிகட்டையில் ஒரு கைப்பிடி

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் நடந்தது இது. அப்பாவின் பழைய கைரம்பத்தில் இரும்பு நன்றாக இருந்தது. கைப்பிடியைக் கறையான் தின்றிருந்தது. எதிர்வீட்டுத் தறிக்காரர் மாணிக்கத்திடம் ஒரு மரத்துண்டு வாங்கி, மூன்று நாள் செதுக்கி, உப்புத்தாள் தேய்த்து, இரண்டு திருகாணி முடுக்கினேன். ஒரு பக்கம் முன்பே வழவழவென்று இருந்தது. ஆசையாகக் கன்னத்தில்கூட வைத்துப் பார்த்தேன்.

"இது எதுல இருந்த மரம்பா?" என்று அவரிடம் கேட்டேன்.

"தறிக்குழியில கெடந்த மிதிகட்ட சார். இருவது வருஷமா என் காலு மிதிச்சிக்கினு இருந்தது. இப்பதான் வேற மாத்தினேன்."

அவருடைய குதிகால் வெடிப்பும் வியர்வையும் என் கன்னத்தில். நான்கு முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். கைப்பிடியைக் கழற்றி, "காலுல மிதிச்சத கையில குடுப்பியா?" என்று அவர் வாசலில் வீசினேன்.

மாணிக்கம் அதை எடுத்துத் துண்டால் துடைத்தார்.

"அதே காலுதான் சார் உங்க பொண்ணு கூறைப் பொடவைய நெய்ஞ்சுது. அத மட்டும் கண்ணுல ஒத்திக்கினீங்களே."

நான் அதை வாங்கிவந்து ரம்பத்தில் மாட்டினேன். பிறகு கண்ணாடியில், சோப்புத் தேய்த்துச் சிவந்திருந்த கன்னத்தைப் பார்த்தேன். அந்த முகம்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது.