தவிடு தின்னும் புழு

கோழிகளுக்குத் தவிடு வாங்க இன்று ஒரத்தநாடு ரைஸ் மில்லுக்குப் போனேன். ஒரு மூட்டைகூட இல்லை.

"புதுசா வந்திருக்கிற புழுப் பண்ணைக்காரங்க மொத்தமா ஏத்திட்டுப் போயிட்டாங்க சார்" என்றார் மில்காரர்.

"அந்தப் புழு மார்க்கெட் குப்பையத் தின்னு வளரும்னுல்ல சொன்னாங்க?"

"தவிடு போட்டாத்தான் நல்லா கொழுக்குதாம்."

"புழு யாருக்கு?"

"கோழிக்குத்தான் சார். நீங்களும் வாங்கிப் போடுங்களேன்."

காய்ந்த புழு அடைத்த ஒரு பாக்கெட்டை நீட்டினார். பச்சை இலைப் படம் போட்டு, 'பூமியைக் காக்கும் தீவனம்' என்று அச்சடித்திருந்தது.

என் கோழி நேராகத் தின்றுகொண்டிருந்த தவிட்டைப் புழுவுக்குப் போட்டு, புழுவை மின்சாரத்தில் காயவைத்து, பிளாஸ்டிக்கில் அடைத்து, என் கோழிக்கே விற்கிறார்கள். இதில் பூமி எந்த இடத்தில் காக்கப்படுகிறது?

தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள். கோழிகள் பசியோடு நிற்கின்றன.