தனிக் கட்டில்

தகப்பனாவதற்கு ஒரு தகுதியும் வேண்டாம் என்பதற்கு எங்கள் லைன் வீடுகளிலேயே ஆறேழு அத்தாட்சிகள் நடமாடின. அடுத்தவர் பிள்ளையை வளர்ப்பதற்குத்தான் தகுதி வேண்டும். குழந்தைகள் இல்லத்தில் கொடுத்த டைப் அடித்த தாளில் எல்லாம் இருந்தது: இருவருக்கும் டாக்டர் சர்ட்டிபிகேட், நிலையான வேலை, நன்னடத்தைக்கு இரண்டு பேர் கையெழுத்து, குழந்தைக்குத் தனிக் கட்டில். கடைசியில், எப்போது வேண்டுமானாலும் குழந்தையைத் திரும்ப அழைத்துக்கொள்வோம் என்று ஒரு வரி.

துறைமுகத்தில் கப்பல் ஏஜென்சி குமாஸ்தா நான். கட்டில் தவிர மற்றதெல்லாம் தேறிவிட்டது. எங்களிடம் இருந்தவை இரண்டு கோரைப்பாய்கள். என் மனைவியோ ஞாயிறுதோறும் இல்லத்துக்குப் போய் நாங்கள் கேட்டிருந்த நாலு வயதுப் பெண்ணுக்குத் தலை பின்னிவிட்டு வந்துகொண்டிருந்தாள். இனி அவளைப் பின்வாங்கச் சொல்ல என்னால் ஆகாது.

பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் எங்கள் பக்கம் தெருவே நாற்காலி கொடுக்கும். இல்லத்திலிருந்து வீடு பார்க்க ஓர் அம்மாள் வருகிறார் என்றதும் அதே வழக்கப்படி நாற்காலி, சுவர்க்கடிகாரம், மளிகைக்கடை அண்ணாச்சியின் தேக்குக் கட்டில் எல்லாம் வந்து இறங்கின. அந்த அம்மாள் கேசரி சாப்பிட்டார், கட்டிலைத் தட்டிப் பார்த்தார், எழுதிக்கொண்டார்.

“இன்னொரு தடவை வருவேன். சொல்லிட்டு வரமாட்டேன்.”

அன்றிலிருந்து கட்டிலைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. ஒற்றை அறையில் அது போக மிஞ்சிய இடத்தில் எங்கள் கால்கள் படுத்தன. தலைகள் கட்டிலுக்கு அடியில். எழும்போதெல்லாம் தேக்கின் உறுதி எனக்குப் புரிந்தது.

மூன்றாவது வாரம் அண்ணாச்சி வந்தார். “பொண்ணு பாத்துட்டுப் போனா மறுநாளே சாமானைத் திருப்பித் தருவாவ. நீரு கட்டில்ல குடியேறிட்டீரோ?”

“அதுக்கு அடியிலதான் அண்ணாச்சி படுக்கோம்.”

“எம்மவ பேறுகாலத்துக்கு வாரா. வெள்ளிக்கெழம எடுத்துக்கிடுதேன்.”

வெள்ளிக்கிழமை, உள்ளே வந்த கட்டில் வெளியே போக மறுத்து வாசலில் சாய்ந்து சிக்கிக்கொண்டது. உள்ளே நாங்கள், வெளியே அண்ணாச்சி, அவருக்குப் பின்னால் அந்த அம்மாள்.

“யார் கட்டில் இது?”

“எங் கட்டில்தாம்மா. இவரு தங்கமான மனுசன், ஒரு கீறல் விழாம வச்சிருக்காரு.” நன்னடத்தைக்குக் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான்.

நான் இரண்டு மூன்று பொய்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அந்த அம்மாள் கட்டில் கால்களுக்கு நடுவே குனிந்து என் மனைவியிடம் கேட்டார்: “அப்போ குழந்தை எங்கே படுக்கும்?”

“எங்க ரெண்டு பேருக்கும் நடுவுலதாம்மா. கட்டில்ல தனியாப் போட்டா உருண்டு விழுந்துராதா?”

அந்த அம்மாள் நிமிர்ந்தார். “தாளில் தனிக் கட்டில்னு இருக்கே. செஞ்சு போட்டுட்டு இல்லத்துக்கு எழுதுங்க,” என்று ஃபைலை மூடினார்.

செய்து போட்டோம். பெண்ணும் வந்தாள். அந்தக் கட்டிலில் அவள் தானாக ஒரு நாளும் படுத்ததில்லை. திரும்ப அழைத்துக்கொள்வோம் என்ற தாளின் கடைசி வரி மட்டும் இன்னும் அமலில் இருந்தது. ஞாயிறு மதியத் தூக்கத்தில் யாராவது கதவைத் தட்டினால், என் மனைவி முதலில் எங்கள் நடுவிலிருந்து அவளைத் தூக்கிக் கட்டிலில் போடுவாள். பிறகுதான் நான் தாழ்ப்பாளைத் திறப்பேன். அநேகமாகப் பால்காரர்தான் நிற்பார்.