பழைய மாணவர் பட்டியல்

எங்கள் பள்ளிக்கூடம் ஊருக்கு வெளியே, குளத்துக்கரைக்குக் கீழே இருந்தது. ஹரிஜன நலப் பள்ளி. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எங்கள் பிள்ளைகளைத் தனியாக உட்காரவைத்த காலத்தில், சேரி ஜனங்களே மண் சுமந்து சுவர் எழுப்பி ஓலை வேய்ந்தார்கள். அரசாங்கம் எடுத்துக்கொண்டதெல்லாம் பிறகுதான். சிவகிரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, விடுதியில் தங்கி நான் படித்தது அங்கேதான். வாத்தியாராக வந்ததும் அங்கேதான். படிப்பு முடித்த பையன்கள் சான்றிதழ் வாங்க வந்தால், "சார், பள்ளிக்கூடத்துப் பேரு தெரியாத மாதிரி சீலைக் கொஞ்சம் மங்கலாக் குத்துங்க" என்பார்கள். நானும் குத்திக் கொடுப்பேன். அவர்கள் மனசைப் பேசி மாற்றலாம் என்ற எண்ணமெல்லாம் முதல் இரண்டு வருஷத்தோடு போய்விட்டது.

எண்பதுகளின் தொடக்கத்தில் புதுக் கட்டடம் வந்தது. திறப்பு விழாவுக்குச் சிறப்பு மலர் அச்சுப் போடவேண்டும், "பள்ளிக்கூடத்து வரலாற்றை நீரே எழுதும் வே" என்று தலைமையாசிரியர் என் தலையில் கட்டினார். வரலாறு இரண்டு பக்கத்தில் முடிந்துவிட்டது. மிச்சம், இங்கே படித்து மேலே வந்தவர்களின் பட்டியல்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறினேன். கடையநல்லூரில் ஒருவர், என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவர், பேங்கில் வேலை. டீயும் பஜ்ஜியும் வந்தன. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பேரை மட்டும் போட்டுராதியும் வே. நான் யாருன்னு இங்கன ஒருத்தருக்கும் தெரியாது. பிள்ளை எல்லா வீட்டுக்குள்ளயும் போயி வெளையாடுது."

தென்காசியில் தாலுகா ஆபீஸ்காரர் பியூன் முன்னால் என்னைத் தெரியாதவர்போல இருந்தார். பிறகு கேட்வரை வந்து அதையே சொன்னார். நர்ஸாக இருந்த ஒரு பெண், நான் கேட்டு எழுதியதற்குப் பதில் கார்டில் 'வேண்டாம்' என்று மட்டும் எழுதியிருந்தாள். கையெழுத்துக்கூட இல்லை. மற்றவர்களும் இதையேதான் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து ஆத்திரம் தீரத் திட்டினேன். மண் சுமந்தவர்களுக்கு இதுதானா மரியாதை என்றேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை.

"உங்க பேரு வருதா?"

"பின்னே? என் பேரு ஒண்ணுதான் மிச்சம்."

"நமக்கு வீட்ட வாடகைக்கு விட்டவரும் அந்த மலரைப் படிப்பாருல்லா."

பள்ளியில் எல்லாச் சாதி வாத்தியார்களும் இருந்தார்கள். வேலை பார்ப்பதால் ஒன்றும் தெரிந்துவிடாது, அங்கே படித்தவன் என்றால் சாதி தெரிந்துவிடும். சிவகிரிப் பக்கம் என்று சொல்லிப் பேச்சை மாற்றித்தான் அந்த வாடகை வீட்டைப் பிடித்திருந்தேன். அதற்கு முந்தைய மூன்று வீடுகளிலும், விஷயம் தெரிந்த வாரமே சாமான்களை வண்டியில் ஏற்றியிருக்கிறோம். இன்னொரு தடவை ஏற்ற எனக்குத் தெம்பில்லை. என் பெயரை அடித்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. அதைவிட அசதியாக இருந்தது.

தலைமையாசிரியர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னவே, ஒருத்தர்கூட இல்லையா?"

"இல்ல சார்."

அந்தப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் போட்டார்கள். விழா முடிந்த மறுநாள் காலையில் வீட்டுக்காரர் மலரைப் புரட்டிக்கொண்டே வாசலில் என்னை நிறுத்தினார்.

"பாவம் சார் நீங்க. இத்தன வருசமா தொண்டை வத்தச் சொல்லிக் குடுத்தும், அந்தப் பயலுவள்ல ஒருத்தன்கூடத் தேறலையே."

"ஆமா அண்ணாச்சி" என்றேன்.