முன் இருக்கையில் பத்மாவதி மிஸ்ஸி

பத்மாவதி மிஸ்ஸி தவறிவிட்டார் என்று என் மகள் காதருகே குனிந்து சொன்னாள். முதல் தரமே விளங்கிவிட்டது. ஆனாலும் "என்னது?" என்று இன்னொரு தரம் கேட்டேன். கேட்காதவன்போல் நடிப்பதும் கேட்டவன்போல் நடிப்பதும் எனக்குப் புதிதல்ல.

தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் பிள்ளை பெற்ற எல்லோருக்கும் மருத்துவிச்சி மிஸ்ஸியைத் தெரியும். அவரை ஏற்றித் திரிந்த ஜீப்பின் சாரதி ராமையா நான்தான். நாலு சில்லும் இழுக்கும் அந்தக் கிழட்டு ஜீப்புக்கு என்னைவிடப் பிடிவாதம் அதிகம். இரங்கல் கூட்டத்தில் நீங்கள் எல்லோரும் மிஸ்ஸியின் கைராசியைப் பேசினீர்கள். எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஒருநாள் பின்னால் கர்ப்பிணிப் பெண்களோடு உட்கார்ந்து வந்த மிஸ்ஸி, "அண்ணே, அடியில ஏதோ கீச்சு கீச்சுங்குது, கேக்குதா?" என்றார். "கேக்குது மிஸ்ஸி, பாத்துருவோம்" என்றேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அப்போதே இரண்டு வருடமாக மெல்லிய சத்தம் எதுவும் காதில் விழுவதில்லை. பின்னால் வரும் பஸ்ஸின் ஹோர்ன்கூடச் சில நாள் தப்பிவிடும். சுகாதாரக் கந்தோர் அதிகாரிகளுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். மூன்று பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டியரிங் பிடிப்பதைத் தவிர எனக்கு வேறு தொழிலும் தெரியாது.

திகனயில் மெக்கானிக் நஸீர் பாஸிடம் கொண்டுபோனேன். "என்ன மாதிரி சத்தம்?" என்று கேட்டார். வாய்க்கு வந்தபடி, "கடகடன்னு" என்றேன். வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்தார், ஒன்றுமில்லை. என் பேச்சை நம்பிப் பின்பக்கத்து ரப்பர்களை மாற்றிவிட்டார். அடுத்த கிளினிக் நாளில் மறுபடி சத்தம் என்றார் மிஸ்ஸி. ஒருநாள் வரும், மூன்று நாள் வராது. மூன்று தரம் கொண்டுபோய் மூன்று விதமாகப் பொய் சொன்னேன்.

நான்காம் தரம் மிஸ்ஸி கூடவே வந்தார். "ஆளேத்துனா மட்டும் வரும் பாஸ். மெதுவா போகையில வரும், வேகமெடுத்தா அடங்கிரும்" என்று சொல்லி, குருவிக்குஞ்சுபோல் கத்தியும் காட்டினார். பாஸ் அங்கே நின்ற நாலு பேரைப் பின்னால் ஏற்றி ஒரு சுற்றுப் போய்வந்து, அடியில் படுத்தார். பின்சில்லைச் சுழற்றும் தண்டின் மூட்டு காய்ந்துபோய், உள்ளே இருந்த இரும்பு செந்தூளாக அவர் கையில் கொட்டியது.

"பாரம் ஏறினா தண்டு சரியிது, அப்பதான் கத்துது. இன்னும் கொஞ்ச நாள் போனா ரோட்டுல கழண்டு விழுந்தீக்கும்" என்றவர் என்னைப் பார்த்தார். "நீங்க சொன்ன சத்தம் இது இல்லயே அண்ணன்?"

"அவரு முன்னால இருக்காரு பாஸ். சத்தம் பின்னால. அவருக்கு எப்படிக் கேக்கும்?" என்றார் மிஸ்ஸி, என் முகத்தைப் பார்க்காமலே.

திரும்பும் வழியில், "எத்தன நாளா அண்ணே?" என்று கேட்டார். சொன்னேன். அந்த வளைவுகளில் கர்ப்பிணிகளை ஏற்றிப் போனதை நினைத்து வேகத்தைக் குறைத்தேன்.

"நீங்களே கந்தோர்ல சொல்லிருங்க. நான் சொன்னா உங்க புள்ளைங்க சோத்துல மண்ணப் போட்டதாயிரும். சொல்லாட்டி இந்தப் பொம்பளைங்களுக்குத் துரோகம். நல்லா மாட்டி விட்டுட்டீங்க என்னைய."

நான் சொல்லவில்லை. நாளைக்கு, அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே போனேன். மறுநாள் காலை மிஸ்ஸி பின்னால் ஏறாமல் முன் இருக்கையில் வந்து உட்கார்ந்தார். "பஸ் வருது." "ஒதுங்குங்க." "பின்னால ஹோர்ன்." நான் ஓய்வு பெறும்வரை ஆறு வருடம், ஒவ்வொரு வளைவிலும் பக்கத்தில் அந்தக் குரல். எரிச்சல் வரும். ஒருநாள், "வாய மூடிக்கிட்டு வாங்களேன் மிஸ்ஸி" என்றுகூடச் சொல்லிவிட்டேன். "மூடிக்கிறேன். நீங்க வண்டிய விட்டு இறங்குங்க" என்றார். பிறகு சிரித்தோமா என்றால், இல்லை.

நான் ஓய்வு பெற்ற அடுத்த மாதமே மிஸ்ஸியும் சொந்த ஊரான குண்டசாலைக்கு மாற்றலாகிப் போனார். நான் இல்லாத ஜீப் அவருக்கும் பிடிக்கவில்லை என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

செத்த வீட்டில் மிஸ்ஸியின் மகள் பால் சேர்க்காத பிளேன்டி கொண்டுவந்து தந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "எங்கள அம்மம்மாகிட்ட விட்டுட்டு அம்மா தெல்தோட்டையில தங்கியிருந்தாங்க, சனி ஞாயிறு மட்டுந்தான் வருவாங்க. வீட்டுக்குக் கிட்டயே ரெண்டு தரம் இடமாற்றம் வந்துச்சு மாமா. வேணாம்னு எழுதிக் குடுத்துட்டாங்க. நான் அழுதா, 'அந்த ஜீப்புல முன்னுக்கு உக்கார ஆள் இல்லம்மா'ன்னு சொல்லுவாங்க. அப்படின்னா என்ன மாமா?"

பிளேன்டிக் கோப்பையை அவள் கையில் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பதில் இதுதான். மிஸ்ஸியின் கையிலிருந்து எத்தனையோ பேர் பிள்ளைகளை வாங்கிக்கொண்டீர்கள். நான் வாங்கி வைத்திருப்பது, மகளே, உன் அம்மா உன்னோடு இருந்திருக்க வேண்டிய ஆறு வருடம்.