நானூற்றில் ஒன்று

இருபது வருடமாக உயர்தர வகுப்புக்கு நிகழ்தகவு படிப்பிக்கிறேன். படிப்பித்துக் கிழித்தேன்.

எங்கள் கரையில் யாரும் தனியே மீன்பிடித் தொழிலுக்குப் போவதில்லை. இரண்டு படகுகள் சோடியாகத்தான் போகும். ஒன்றின் எஞ்சின் நின்றுவிட்டால் மற்றது கட்டி இழுத்து வரும். அன்று தம்பியின் சோடிக்காரனுக்குக் காய்ச்சல். மூன்று நாள் காற்றடித்து அன்றுதான் கடல் அடங்கியிருந்தது. தம்பிக்குக் கரையில் கால் தரிக்கவில்லை. சோடிக்காரனின் எஞ்சினையும் தன் படகில் ஏற்றிக்கொண்டு தனியே போகலாமா என்று என்னிடம் வந்து கேட்டான். கரையில் யாரிடமாவது கேட்டிருந்தால் ஏசித் திருப்பி அனுப்பியிருப்பார்கள். நான் கணக்கு ரீச்சர் அல்லவா, கணக்குப் பார்த்தேன். இருபது தரம் போனால் ஒருதரம் எஞ்சின் குழப்படி செய்யும் என்றான். இருபதை இருபதால் பெருக்கினேன்.

"ரெண்டும் ஒரே நாளிலை நிக்கிறது நானூறிலை ஒண்டடா. பயப்பிடாமல் போட்டு வா."

ஐந்தாம் நாள் வெறும் படகு கரை ஒதுங்கியது. ஆள் இல்லை. இரண்டு எஞ்சின்களிலும் ஒரு பழுதும் இல்லையாம். இரண்டுக்கும் ஒரே கானிலிருந்துதான் மண்ணெண்ணெய் ஊற்றியிருக்கிறான். கானில் பாதிக்குமேல் தண்ணீர்.

ஒன்று மற்றதைச் சாராதிருந்தால் மட்டுமே பெருக்கலாம். ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் நான் எழுதும் முதல் வரியே அதுதான். ஆனால் இரண்டுக்கும் எண்ணெய் எதிலிருந்து ஊற்றுகிறாய் என்று என் தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, பாவி நான்.

அவன் மனைவி அன்று போகவேண்டாம் என்று மறித்தாளாம். அக்கா கணக்குப் பார்த்துச் சொல்லிவிட்டாள் என்று சொல்லித்தான் படியிறங்கினானாம். அவள் என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் அழுதிருப்பேன். இன்றும் குளித்துப் பொட்டு வைத்துக்கொள்கிறாள்.

போன கிழமை அவளுடைய குசினியில் இருந்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிராமல் கேட்டாள்.

"மச்சாள், அவர் திரும்பி வாறதுக்கு எத்தினையிலை ஒண்டு? நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ."

தம்பிக்கு ஒரு நிமிடத்தில் சொன்னவள் நான். அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.